மூன்று மீட்டருக்குக் கீழே என்றால் பெல்ட் வேண்டாமா? சிங்கப்பூர் தளங்களிலிருந்து வந்த கேள்விகள்

பைப் ஃபிட்டராக ஒர்க் பெர்மிட்டில் வந்தவன் நான். இப்போது ஒரு கட்டுமானத் தளத்தில் சேஃப்டி கோஆர்டினேட்டர். வேலைப் பாதுகாப்புச் சட்டம் பற்றிக் கேட்கலாம் என்று போன வாரம் சொன்னதும் நிறைய வந்துவிட்டது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஏர்கான் வேலை): அண்ணே, 2.8 மீட்டரில் டக்ட் மாட்டுறோம். மூணு மீட்டருக்குக் கீழதான், அதனால பெர்மிட்டும் வேண்டாம், பெல்ட்டும் வேண்டாம்னு சூப்பர்வைசர் சொல்றார். சரியா?

பாதி சரி. 2013-இல் வந்த உயர வேலை விதிகளில் இரண்டு எண்கள் இருக்கின்றன, எல்லோரும் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். விழுந்தால் 3 மீட்டருக்கு மேல் என்றால் பெர்மிட், அதாவது அந்த வேலையைத் தொடங்கும் முன் எழுதி வாங்கும் அனுமதி. ஆனால் 2 மீட்டருக்கு மேல் விழக்கூடிய திறந்த ஓரம் எதுவாக இருந்தாலும் கைப்பிடித் தடுப்பு வேண்டும், அது முடியாத இடத்தில் பெல்ட் மாதிரி வேறு ஏற்பாடு வேண்டும். 2.8 அதில் வந்துவிடுகிறது.

இன்னொன்று, அளக்க வேண்டியது நீங்கள் நிற்கும் பலகைக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரத்தை அல்ல, எவ்வளவு தூரம் விழுவீர்கள் என்பதை. எங்கள் தளத்தில் ஒருவர் ஒன்றரை மீட்டர் ஏணியில் நின்று வேலை பார்த்தார். பக்கத்திலேயே மாடிப்படிக் கிணறு, அதன் தடுப்பு அவர் முழங்கால் உயரத்துக்குக் கீழே போய்விட்டது. அந்தப் பக்கம் சாய்ந்தால் ஒன்றரை மீட்டர் இல்லை, நான்கு மாடி. நல்லவேளை, பெர்மிட் எழுதச் சொல்லி நிறுத்தினோம்.

கேள்வி (சாரம் கட்டுபவர்): பெல்ட் போட்டுட்டோம், ஹூக் மாட்டிட்டோம். அப்புறம் என்ன பிரச்சினை?

எங்கே மாட்டினீர்கள் என்பதுதான் பிரச்சினை. ஷாக் அப்ஸார்பர் (விழும்போது பிரிந்து அதிர்ச்சியைக் குறைக்கும் பகுதி) வைத்த 2 மீட்டர் லேன்யார்டை, அதாவது பெல்ட்டையும் ஹூக்கையும் இணைக்கும் கயிற்றை, காலடியில் மாட்டினால் கணக்கு இப்படி: கயிறு 2 மீட்டர், அப்ஸார்பர் பிரிந்து நீள்வது கிட்டத்தட்ட 1.75, முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஒன்றரை, அதற்கும் கீழே மிச்சம் ஒரு மீட்டர். ஆறேகால் மீட்டர் காலி இடம் வேண்டும். நீங்கள் நிற்பது நான்கு மீட்டரில் என்றால் பெல்ட் வேலை செய்யும் முன்பே தரை வந்துவிடும். தலைக்கு மேலே மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஓரத்துக்கே போக முடியாதபடி கயிற்றைக் குட்டையாக வையுங்கள். ஸ்பிரிங்க்ளர் பைப்பில் மாட்டுகிறவர்களுக்கு: அது தண்ணீர் கொண்டுபோகப் போட்ட பைப், ஆளைத் தாங்க அல்ல.

கேள்வி (துவாஸ், கப்பல் பட்டறை): டேங்குக்குக் காலையில கேஸ் டெஸ்ட் பண்ணி பெர்மிட் போட்டாச்சு. மதியம் சாப்பிட்டுட்டு வந்து அப்படியே இறங்கலாமா?

வேண்டாம் தம்பி. காலை 9 மணி ரீடிங் 9 மணிக் காற்றைப் பற்றித்தான் சொல்லும். ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். துருப்பிடித்த டேங்க் மூடிக் கிடந்தால் துருவே ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், மூக்குக்கு ஒன்றும் தெரியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். அதனால் வாசலில் மட்டும் மீட்டரைக் காட்டிவிட்டு எழுதும் ரீடிங் எதற்கும் உதவாது, மேல், நடு, அடி மூன்றிலும் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே காற்று ஊதும் புளோயரை யாராவது அணைத்திருந்தால் மறுபடி டெஸ்ட் எடுக்காமல் காலை வைக்காதீர்கள். உள்ளே இருப்பவரைக் கண்காணிக்க வாசலில் நிற்கும் அட்டெண்டன்ட்டைப் "பைப் தூக்கக் கொஞ்சம் வா" என்று கூப்பிட்டால், உள்ளே இருப்பவர் வெளியே வர வேண்டும். அவர் விழுந்துவிட்டால் காப்பாற்றுகிறேன் என்று அட்டெண்டன்ட் உள்ளே குதிக்கவும் கூடாது.

கேள்வி: 'நியாயமாகச் செய்யக்கூடிய அளவு' பாதுகாப்புச் செய்தால் போதும் என்று சட்டத்தில் இருக்கிறதே, கம்பெனி இதைச் சொல்லித் தப்பிக்கலாமா சார்?

பலர் அப்படி நினைக்கிறார்கள். 2004 ஏப்ரல் 20-ஆம் தேதி பாதாள ரயில் கட்டுமானத்தில் நிக்கல் ஹைவே சாலை இடிந்து நான்கு பேர் இறந்த பிறகுதான், 2006-இல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. அதன் போக்கே வேறு: ஆபத்தை உண்டாக்குகிறவர்தான் அதைக் குறைக்கவும் வேண்டும், எப்படி என்பதை அவரே யோசிக்க வேண்டும். அதற்கு மேல் செய்ய முடியாது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வழக்கில் கம்பெனியின் தலையில்தான். பட்ஜெட் இல்லை என்பது அங்கே எடுபடாது. ஐம்பது வெள்ளிச் சாமானில் தீர்ந்திருக்கும் விஷயம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கேள்வி (வெல்டர்): கையில அடிபட்டு டாக்டர் ரெண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) குடுத்தார். அதை லைட் டியூட்டின்னு (லேசான வேலை) மாத்தி வாங்கிட்டு வா, அப்போ ரிப்போர்ட் பண்ண வேண்டாம்ங்கிறாங்க.

அந்தத் தந்திரம் காலாவதியாகி வருஷங்கள் ஆகிவிட்டன. 2020 செப்டம்பர் 1 முதல் வேலையில் பட்ட காயத்துக்கு ஒரு நாள் எம்.சி. ஆனாலும் லைட் டியூட்டி ஆனாலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எம்.சி.யா லைட் டியூட்டியா என்பது டாக்டரின் முடிவு, உங்கள் கூடவே அறைக்குள் வந்து உட்காரும் கோஆர்டினேட்டரின் முடிவு அல்ல. (ஆமாம், என் தொழில்காரர்களைத்தான் சொல்கிறேன்.) எம்.சி. தாளை போனில் படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: என் தப்புதான் அண்ணே, கிளவுஸ் போடல. இழப்பீடு கேட்க முடியுமா?

முடியும். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தப்பு என்று பார்ப்பதில்லை. குடித்திருந்தது, சண்டை போட்டது மாதிரி சில விலக்குகள் உண்டு, அவ்வளவுதான். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கேளுங்கள்.

கேள்வி: சேஃப்டி ஷூவுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்குக் காசு பிடிக்கக் கூடாது. பிடித்தால் சம்பளச் சீட்டோடு அமைச்சிடம் போங்கள். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டுத் தூக்குவதும் அதே சட்டத்தின்படி குற்றம். ஆனாலும் பயம் இருக்கும், தெரியும், நானும் அந்தப் பயத்தோடு ஏழு வருஷம் இருந்தவன். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் புலம்பெயர்ந்த ஊழியர் நிலையத்தில் பேசிப் பாருங்கள்.

கிரேன் பற்றிக் கேட்ட இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். லிஃப்டிங் பிளான் (சுமை தூக்கும் திட்டத் தாள்) படம் இருந்தால் அனுப்பி வையுங்கள், கம்பெனி பெயரை மறைத்துவிட்டு.