ரவுட்டரில கை வைக்காதீங்க, தம்பி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கட மொத்தக் கடை மூதூரில, நான் இருக்கிறது உவர்மலையில. கடைக் கணக்கெல்லாம் செகண்ட் ஹாண்டா வாங்கின டெல் சேர்வர் ஒண்டில ஓடுது. கரண்ட் போய் வந்தா அது எழும்பாது. அறைத் திறப்பு என்னட்ட இருக்கிறதால, ஒரு பட்டனை அமத்த கிண்ணியாப் பாலம் தாண்டி ஓட வேண்டிக்கிடக்கு. பின்பக்கம் ஸ்பேனர் படம் போட்ட தனி நெட்வேர்க் போர்ட் ஒண்டு இருக்கு. அதுக்கு வயர் கொழுவி, ரவுட்டரில போர்ட்டைத் திறந்துவிட்டா வீட்டில இருந்தே ஓன் பண்ணலாம் எண்டு கூட்டாளி சொல்றான். செய்யலாமா?

பதில்: வயரைக் கொழுவுங்க. ரவுட்டரை விடுங்க.

அந்த ஸ்பேனர் போர்ட்டுக்குப் பின்னால இருக்கிறது ஐடிராக். மதர்போர்ட்டிலயே ஒட்டின இன்னொரு குட்டிக் கொம்பியூட்டர்: தனிச் சிப், தனி மெமரி, தனி வெப் சேர்வர். பெரிய சேர்வர் ஓஃப்ல கிடந்தாலும் பிளக்கில கரண்ட் இருக்கும் வரைக்கும் இது முழிச்சிருக்கும். பிரவுசரில அதின்ர ஐ.பி. முகவரியை அடிச்சா ஃபேன் வேகம், உள்வெப்பம், பவர் சப்ளை நிலை, ஓன்-ஓஃப் பட்டன் எல்லாம் வரும். சேர்வரின்ர ஸ்கிரீனையே பார்க்கிறதுக்கு டெல்லின்ர என்டர்பிரைஸ் லைசன்ஸ் வேணும். சில மொடலில அந்த ஸ்பேனர் போர்ட்டுக்கும் அதே லைசன்ஸ்தான். இல்லாட்டி சேர்வர் எழும்பும்போது எஃப்2 அமத்தி வாற மெனுவில போய், சாதாரண நெட்வேர்க் போர்ட்டைப் பங்குபோட வைக்கலாம்.

ஆனா அதுக்கு முதல் பயோஸில (அதே எஃப்2 மெனுதான்) ‘ஏசி பவர் ரிகவரி’யைத் தேடி ‘லாஸ்ட்’ எண்டு வையுங்க. ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருந்தா, வந்ததும் தானா எழும்பும். யு.பி.எஸ். ஒழுங்கா ஷட்டவுண் பண்ணித்தான் நிப்பாட்டுதெண்டா ‘ஓன்’ வையுங்க. உங்கட மூதூர் ஓட்டத்தில பாதி இதோட நிண்டுடும். கூட்டாளிமார் இதையெல்லாம் சொல்லமாட்டாங்க.

இனி, ஏன் ரவுட்டரில போர்ட்டைத் திறக்கக் கூடாது? திறந்தா இன்டர்நெட்டில உள்ள ஆரும் ஐடிராக்கின்ர கதவைத் தட்டலாம். ஹெச்பியின்ர ஐலோ 4 இதே மாதிரிச் சாமான்தான். 2017இல அதில ஒரு ஓட்டையை அடைச்சாங்க. வெப் கோரிக்கையின்ர ‘கனெக்ஷன்’ வரியில ஆங்கில ‘ஏ’யை 29 தரம் அடிச்சு அனுப்பினா, பாஸ்வேர்ட் கேக்காமலே உள்ள விட்டிருக்கு! ஐடிராக், ஐலோ எல்லாம் பேசுற பொது விதிமுறை ஐ.பி.எம்.ஐ. 2.0 இன்னும் மோசம். 623ஆம் போர்ட்டில பயனர் பெயரைச் சரியாச் சொன்னாப் போதும், பாஸ்வேர்ட்டின்ர ஹாஷை (பாஸ்வேர்ட்டைக் கணக்குப் போட்டு எடுத்த குறியீட்டை) அதுவே தூக்கிக் குடுக்கும். ஆறுதலா இருந்து உடைக்கலாம். விதிமுறையிலயே உள்ள பிழை எண்டதால ஃபேர்ம்வெயர் (உள் மென்பொருள்) மாத்தியும் தீராது. ‘ஐ.பி.எம்.ஐ. ஓவர் லேன்’ஐ ஓஃப் பண்ணிவிடுங்க.

2017க்கு முந்தின டெல் எண்டா, ஐடிராக்குக்குக் கம்பனியே வைச்சுவிட்ட பெயர் ‘ரூட்’, பாஸ்வேர்ட் ‘கல்வின்’. உலகத்துக்கே தெரியும். இண்டைக்கே மாத்துங்க.

வீட்டில இருந்து போக வழி, இன்டர்நெட்டுக்குள்ளால கடை நெட்வேர்க்குக்குப் போற பூட்டின சுரங்கம், அதாவது வி.பி.என். அதைச் சேர்வரிலயே போட்டா, சேர்வர் படுத்தால் வி.பி.என்.னும் படுத்திடும், பிறகு ஆர் ஆரை எழுப்புறது? கடையில ‘ராஸ்பெர்ரி பை’ எண்ட குட்டிக் கொம்பியூட்டர் ஒண்டை வைச்சு, அதில வயர்காட் அல்லது டெய்ல்ஸ்கேல் எண்ட வி.பி.என். மென்பொருளைப் போடுங்க. கரண்ட் வந்ததும் அது தானாவே எழும்பும். டெய்ல்ஸ்கேலுக்கு ரவுட்டரில ஒண்டும் திறக்கத் தேவையில்லை. வயர்காட்டுக்கு அதின்ர ஒரு போர்ட் மட்டும். அதுக்கு, வெளியில இருந்து நேர எட்டக்கூடிய பொது ஐ.பி.யும் வேணும்.

கேள்வி: நிலாவெளியில சின்ன கெஸ்ட் ஹவுஸ் நடத்துறம். மகன் ஈ.எஸ்.பி.32 எண்ட வைஃபை உள்ள குட்டிச் சிப் வைச்சுத் தண்ணி மோட்டருக்கு வெப் பக்கம் செய்தவன். ஆரும் தொடாமலே மோட்டர் சிலநேரம் ஓன் ஆகுது. பேயா?

பதில்: பேய் இல்லை, குரோம். மகன் ‘/ஓன்’ எண்ட முகவரியைத் திறந்தாலே மோட்டர் ஓடுற மாதிரி எழுதியிருப்பார். முகவரியை அரைவாசி அடிக்கும்போதே பிரவுசர் பக்கத்தை முன்கூட்டி எடுக்கப் பார்க்கும். பழைய டாப் திரும்பத் திறந்தாலும் அதே கதை. வாட்ஸப்பில அந்த லிங்கை அனுப்பினா, முன்னோட்டம் எடுக்க போனே போய்த் தட்டும். பட்டனை ‘போஸ்ட்’ (கட்டளை குடுக்கிற) கோரிக்கையா மாத்தச் சொல்லுங்க, ‘கெட்’ (முகவரியைத் திறந்தாலே போற) கோரிக்கை பக்கத்தைக் காட்ட மட்டும்.

இன்னொண்டு, தங்கச்சி: தாங்கி நிரம்பினா நிப்பாட்டுற வேலையை வெப் பக்கத்திட்ட விடாதீங்க. மோட்டர் லைனிலயே ஃப்ளோட் சுவிட்ச் போடுங்க. வைஃபை போன நேரத்திலயும் அது வேலை செய்யும்.