ஒரு பேய்க் கேமரா வேண்டாம், இரண்டு சாதாரணக் கேமராக்கள் வாங்குங்கள்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். அமானுஷ்யமாக ஏதோ நடக்கிறது என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்களின் வீட்டுக்குப் போய், இரவு முழுக்கப் பதிவு செய்து, காலையில் அந்தக் குடும்பத்துக்குப் போட்டுக் காட்டுவோம். இதுவரை செல்போனில்தான் எடுத்தோம். இப்போது காசு சேர்த்து நல்ல வீடியோ கேமரா ஒன்று வாங்கப்போகிறோம். பேய் வேட்டைக்கென்றே விற்கும் ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமராவா, நைட் விஷனா, தெர்மலா? 4கே அவசியமா? சென்ற முறை ஒரு படுக்கையறையில் வெள்ளை உருண்டைகள் மிதந்துபோனது பதிவானது. அதைப் பார்த்த வீட்டுக்காரர்கள் அந்த அறையையே பூட்டிவிட்டார்கள்!

பதில்: கடைசி வரியை ஆச்சரியக்குறி போட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு குடும்பம் தன் சொந்த வீட்டில் ஓர் அறையை இழந்து நிற்கிறது. விடிந்ததும் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அவர்கள் அந்தப் பூட்டிய கதவைத் தாண்டித்தான் தினமும் நடமாட வேண்டும். எந்தக் கேமரா என்பதற்கு வருகிறேன். முதலில் அந்த உருண்டைகளைப் பார்த்துவிடுவோம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

செல்போனில் டார்ச், லென்ஸை ஒட்டினாற்போல இருக்கிறது. இருட்டறையில் அதை எரியவிட்டுப் படம் எடுத்தால், லென்ஸுக்குச் சில அங்குலம் முன்னால் மிதக்கிற தூசி பளீரென்று ஒளி வாங்கி, வந்த வழியே லென்ஸுக்குள் திருப்பி அனுப்பும். அவ்வளவு கிட்டத்தில் இருப்பது ஃபோகஸுக்குள் வராது. ஃபோகஸ் தப்பிய ஒளிப்புள்ளி வட்டமாக விரியும். லென்ஸின் துவாரம் அறுகோணமாக இருந்தால் உருண்டையும் அறுகோணமாக வரும். காற்றில் தூசி நகர்ந்தால் உருண்டை மிதக்கும். உங்களில் ஒருவர் அந்தப் படுக்கையில் உட்கார்ந்து எழுந்தாலே மெத்தையிலிருந்து வேண்டிய அளவு தூசி கிளம்பியிருக்கும். சிறிய டிஜிட்டல் கேமராக்கள் பரவிய காலத்தில் இப்படிப்பட்ட ‘ஆவி உருண்டை’ப் படங்கள் பெருகியதற்குக் காரணமும் இதுதான்: அவற்றில் ஃப்ளாஷும் லென்ஸும் மிக நெருக்கமாக இருந்தன.

இனி நைட் விஷனுக்கு வாருங்கள். 1998இல் சோனி தன் ஹேண்டிகேம்களில் நைட்ஷாட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கும். அதை விலக்கிவிட்டு, கேமராவிலேயே உள்ள ஓர் அகச்சிவப்பு விளக்கை எரியவிடுவதுதான் அந்த வசதி. பேய் தேடுவோர் கையில் அந்தப் பச்சை நிறப் படம் பிரபலமானது அதனால்தான். ஆனால் யோசியுங்கள்: விளக்கு மறுபடியும் லென்ஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத டார்ச், அவ்வளவுதான். லென்ஸைச் சுற்றி வளையமாக எல்.ஈ.டி. பதித்த பாதுகாப்புக் கேமராக்களிலும் இதே கதை. இதில் நீங்கள் இன்னும் அதிகமான உருண்டைகளைத்தான் பிடிப்பீர்கள்.

நைட் விஷன் வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. உள்ளே இருக்கும் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவைக்க வழி இருக்க வேண்டும். விளக்கைத் தனியாக வாங்கி, கேமராவிலிருந்து சில அடி தள்ளி, பக்கவாட்டில் நிறுத்துங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பெரும்பாலான உருண்டைகள் காணாமல் போய்விடும். விளக்குகள் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகையாக வரும். 850இல் மங்கலாகச் சிவப்பு தெரியும், ஆனால் வெளிச்சம் தூரம் போகும். 940 கண்ணுக்கே தெரியாது. ஆனால் சென்சாருக்கு அந்த அலைநீளத்தில் உணர்திறன் குறைவு என்பதால் எட்டும் தூரமும் குறையும். அறைக்குள் வேலை செய்ய 850 போதும்.

ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்று விற்கப்படுவது பெரும்பாலும் அந்த ஃபில்டரைக் கழற்றிய சாதாரணக் கேமராதான். சிலிக்கான் சென்சார் சுமார் 1100 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பை உணரும். மறுபக்கத்தில் புற ஊதா ஒளியைப் பெருமளவுக்கு லென்ஸின் கண்ணாடியே நிறுத்திவிடும். ஆக, கிடைப்பது கொஞ்சம் கூடுதல் அகச்சிவப்பு. அதற்கும் ஒளி மூலம் வேண்டும். ஒன்றுமே எரியாத அறையில் இந்தக் கேமராவிலும் இருட்டுதான். அதோடு ஒரு புதிய வம்பும் வரும். கறுப்புத் துணிகள் பலவும் அகச்சிவப்பில் வெளுத்துத் தெரியும். கறுப்புச் சட்டை போட்ட உங்கள் நண்பர் மூலையில் கடந்துபோனால், படத்தில் வெளிறிய உருவம் ஒன்று கடந்துபோகும். காலையில் பார்க்கும்போது “நம்மில் யாரும் வெள்ளை போடவில்லையே” என்று சத்தியம் செய்வீர்கள்.

தெர்மல் கேமரா உண்மையில் வேறு கருவி. சுமார் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், பொருள்களின் மேற்பரப்பு வெளியிடும் வெப்பக் கதிர்களைப் படமாக்குகிறது. மேற்பரப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். காற்றின் குளிரை அது காட்டாது. திடீரென்று குளிரும் இடத்தைத் தேடுகிறவர்களுக்கு, நேரத்தோடு பதிவாகும் வெப்பமானிகள் நான்கைந்தை அறையில் வைப்பதே பயன் தரும். இந்த அலைநீளத்தில் ஜன்னல் கண்ணாடி ஊடுருவவிடாது, முகம் பார்க்கும் கண்ணாடிபோலப் பிரதிபலிக்கும். எனவே ஜன்னலுக்கு வெளியே நிற்கிற கதகதப்பான மனித உருவம் அநேகமாக நீங்கள்தான். பளபளப்பான தரையும் உலோகப் பாத்திரமும் இதையே செய்யும். ஒருவர் எழுந்துபோன நாற்காலியில் அவருடைய வெப்ப வடிவம் சில நிமிடம் தங்கும். சுவரில் கை வைத்தால் ஐந்து விரலும் தெரியும். வீட்டில் ஈரம் எங்கே ஏறுகிறது, காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க அருமையான கருவி. நடு இரவில் கதவு ஆடுவதற்குக் காரணம் கண்டுபிடிக்கவும் அது உதவும். இரண்டாம் கட்டத்தில் வாங்குங்கள்.

குச்சி மனிதர்களைத் திரையில் காட்டும் எஸ்.எல்.எஸ். கேமராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடைக்காரர் கட்டாயம் காட்டுவார். பெரும்பாலும் அதற்குள் இருப்பது 2010இல் மைக்ரோசாஃப்ட் வீடியோ விளையாட்டுக்காக வெளியிட்ட கினெக்ட். அகச்சிவப்புப் புள்ளிகளை எறிந்து ஆழம் அளந்து, 20 மூட்டுகள் கொண்ட எலும்புக்கூட்டை அதில் பொருத்தும் மென்பொருள் அதனுடையது. எதிரே ஆள் நிற்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட மென்பொருள் அது. திரைச்சீலையிலும் நாற்காலியிலும் ஆளைக் கண்டுபிடிக்கும். தொடாதீர்கள்.

சரி, எதைத்தான் வாங்குவது? ஒரே மாடலில் இரண்டு கேமராக்கள். சேர்த்துவைத்த காசை ஒன்றில் கொட்டாமல் இரண்டாகப் பிரியுங்கள். இரண்டையும் முக்காலியில் நிறுத்தி, ஒரே இடத்தை ஏறத்தாழ செங்கோணத்தில் பார்க்கவிடுங்கள். அறையின் நடுவே ஒன்று இருந்தால் இரண்டிலும் பதிவாகும். இரண்டு கோணத்தையும் வைத்து அது எங்கே நின்றது, எவ்வளவு உயரம் என்று கணக்கிடலாம். லென்ஸை ஒட்டி மிதக்கும் தூசி, பூச்சி, லென்ஸுக்குள் ஒளி சிதறி வரும் பொட்டு எல்லாம் ஒன்றில் மட்டும்தான் வரும். பேய் வேட்டைக் கருவி என்ற பெயரில் விற்கும் எதுவும் இந்த வேலையைச் செய்யாது. தொடக்கத்தில் அறையின் நடுவில் டார்ச்சை ஒருமுறை மின்னவிடுங்கள், இரண்டு பதிவுகளின் நேரத்தையும் அதை வைத்துப் பொருத்தலாம். உங்கள் செல்போனை மூன்றாவதாக, உங்கள் நால்வரையும் பார்த்து வையுங்கள். யார் எப்போது எங்கே இருந்தார் என்பதற்கு ஞாபகத்தை நம்பாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டியவை: ஃபோகஸைக் கையால் பூட்ட முடிகிறதா? இருட்டில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும், சுவர் மூச்சு விடுவதுபோலத் தெரியும். ஷட்டர் வேகத்தைப் பூட்ட முடிகிறதா? இது மிக முக்கியம். தானியங்கியாக விட்டால் கேமரா வெளிச்சம் போதாமல் ஷட்டரை மெதுவாக்கிவிடும், நடந்துபோகும் மனிதர் ஊடுருவித் தெரியும் புகையாக இழுபடுவார். ஷட்டர் 1/50 நொடியிலேயே, நொடிக்குச் சுமார் 200 முறை இறக்கையடிக்கும் ஈ நான்கு அடி அடித்துவிடுகிறது. அதுதான் பக்கவாட்டில் செட்டை முளைத்த நீளக் குச்சியாகப் பறக்கும். இருட்டுப் படத்தின் இரைச்சலைக் குறைக்க ஃபிரேம்களைக் கலக்கும் வசதியை அணைக்க முடிகிறதா? செல்போன்களில் இது பெரும்பாலும் கைக்கு எட்டாது, அதனால்தான் செல்போனைப் பிரதானக் கேமராவாக வைக்காதீர்கள் என்கிறேன். நேரடி மின்சாரத்தில் ஓடுமா? இடைவிடாமல் பதிவாகுமா? சில ஸ்டில் கேமராக்கள் வீடியோவை 29 நிமிடம் 59 நொடியில் நிறுத்திவிடும், ஐரோப்பிய சுங்க வரி வகைப்பாட்டுக்காக வைத்த வரம்பு அது.

4கே பற்றி: வேண்டாம். ஒரே அளவு சென்சாரில் புள்ளிகள் கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் ஒளி குறையும். பெரிய சென்சாரும் நல்ல லென்ஸும் உள்ள 1080 போதும். கோப்பைச் சுருக்குவது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அதிகம் சுருக்கினால் இருண்ட மூலைகள் கட்டம் கட்டமாக நெளியும். மனிதக் கண் அதில் முகம் தேடிக் கண்டுபிடித்துவிடும்.

வாங்கியதும் நேரே அழைத்தவர் வீட்டுக்கு ஓடாதீர்கள். எந்தக் கதையும் இல்லாத ஒரு வீட்டில் முழு இரவு பதிவு செய்யுங்கள். வேண்டுமென்றே போர்வையை உதறுங்கள், ஜன்னலைத் திறந்து பூச்சியை வரவிடுங்கள், ஒருவர் இருட்டில் நடக்கட்டும். உங்கள் கேமராக்கள் என்னென்ன பொய் சொல்லும் என்பதற்கான அகராதி அதுதான். 1922இல் அமானுஷ்ய ஆய்வாளர் ஹாரி பிரைஸ், ஆவிப் புகைப்படக்காரர் வில்லியம் ஹோப்பிடம் போனபோது, படத் தகடுகளில் முன்கூட்டியே ரகசிய அடையாளம் இட்டு எடுத்துப்போனார். ஆவி உருவத்தோடு திரும்பி வந்த தகட்டில் அந்த அடையாளம் இல்லை, அதாவது அது அவர் கொண்டுபோன தகடே இல்லை. சோதனையை அவர் படம் எடுப்பதற்கு முன்பே தயாராக்கிவிட்டார், அதனால்தான் அது சோதனை. இன்ன மாதிரி பதிவானால் இன்ன காரணம் என்று நீங்களும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

கேமராவுக்கு முன்னால் வாங்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது: கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் வில்மர் ஒரு குடும்பத்தின் கதையை மருத்துவ இதழில் வெளியிட்டார். புது வீட்டுக்குப் போனதிலிருந்து தலைவலி, சோர்வு, மாடியில் காலடிச் சத்தம், கட்டிலருகே உருவங்கள். செடிகளும் வாடின. பழுதான வெப்ப உலையிலிருந்து கசிந்த புகைதான் காரணம். அதைச் சரிசெய்ததும் எல்லாம் நின்றது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொல்லும். பயந்துபோய்க் கூப்பிடுகிற குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செய்ய வேண்டியது, எரிபொருள் எரியும் இடமெல்லாம் இந்தக் கருவியை வைத்துப் பார்ப்பது. வீட்டில் எல்லோருக்கும் தலைவலி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அறையைப் பூட்டிய அந்த வீட்டுக்கு இந்த வாரமே திரும்பிப் போங்கள். கேமராகூட வேண்டாம். அதே செல்போனோடு, அவர்கள் கண் முன்னால் பக்கத்து அறையில் டார்ச்சைப் போட்டு, தலையணையைத் தட்டிப் படம் எடுங்கள். அவர்கள் கையிலேயே செல்போனைக் கொடுத்தும் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கதவை நீங்கள் திறக்க வேண்டாம், அவர்களே திறக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு, எந்த விளக்கத்திலும் அடங்காத ஒன்று இரண்டு கேமராவிலும் பதிவானால், வெட்டாத இரண்டு கோப்புகளையும், கேமராவும் விளக்கும் நின்ற இடத்தின் வரைபடத்தையும், கதையில்லாத வீட்டில் எடுத்த பதிவையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். வீட்டாரின் சம்மதத்தோடு, அவர்கள் பெயரை மறைத்து, முழுப் பக்கம் ஒதுக்கிப் பிரசுரிக்கிறேன்.