நள்ளிரவில் மருத்துவமனைக்கு வந்தவருக்குக் குடல்வால் அறுவையைக் காலை வரை தள்ளிவைப்பது ஆபத்தா?

பொதுவாக ஆபத்தில்லை, ஆனால் இரண்டு காத்திருப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்கும் வரை வீட்டில் கழியும் நேரம் ஒன்று. சேர்ந்தபின் அறுவை அரங்குக்குச் செல்லும் வரையிலான நேரம் மற்றொன்று. குடல்வாலின் வாய் அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறி, இரத்த ஓட்டம் தடைபட்டுச் சுவர் அழுகும்போதுதான் அது வெடிக்கிறது. 2006இல் வெளியான நியூயார்க் ஆய்வொன்றில், வலி தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வெடிக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. அதன்பின் அது ஏறியது. ஆகவே இழப்பு பெரும்பாலும் வீட்டில், 'வாயுவாக இருக்கும்' என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்கும் நேரத்தில்தான் நேர்கிறது என்பது என் கருத்து.

சேர்ந்தபின் நிலைமை வேறு. பின்லாந்திலும் நார்வேயிலும் சுமார் 1,800 பேரிடம் நடத்தப்பட்டு, 2023இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், 8 மணி நேரத்துக்குள் அறுவை செய்யத் திட்டமிடப்பட்டவர்களில் 8 விழுக்காட்டினருக்கும், 24 மணி நேரத்துக்குள் எனத் திட்டமிடப்பட்டவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் குடல்வால் வெடித்திருந்தது. அதாவது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிக்கலற்ற அழற்சியுள்ள பெரியவர்களுக்கே இந்த முடிவு பொருந்தும். வயிறு பலகைபோல் இறுகியிருந்தாலோ, கடுங்காய்ச்சலுடன் நாடித்துடிப்பு ஏறி, இரத்த அழுத்தம் இறங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கடும் வலி திடீரெனத் தணிவதையும் நல்ல அறிகுறியாகக் கொள்ள வேண்டாம். சில வேளைகளில் குடல்வால் வெடித்த கணத்தில்தான் அப்படித் தணிகிறது.