ஒன்றேகால் மணி உச்சி வெயில்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தோட்டத்தைப் பற்றித்தான். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கும், மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் இருந்து எழுதுகிறவனுக்கு இதைவிடச் சந்தோஷம் இல்லை. பின்வாசலைத் திறந்தால் செம்பனை (எண்ணெய்ப்பனை), பத்து நிமிடம் மோட்டாரில் போனால் ஆறு. சில பதில்களை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தே எழுதியிருக்கிறேன்.

நண்பகல் 12 மணிக்குச் சூரியன் உச்சியில் நிற்கும் என்று பாடத்தில் இருக்கிறது. பள்ளித் திடலில் நின்று பார்த்தோம், நிழல் நன்றாகவே நீண்டு விழுந்தது. எது சரி? (தமிழ்ப்பள்ளி மாணவர்கள் மூவர், கோலசிலாங்கூர்)

நீங்கள் பார்த்ததும் சரி, பாடமும் தப்பில்லை. தப்பு சுவர்க் கடிகாரத்தில் இருக்கிறது, அதாவது நம் கடிகாரம் நம் ஊர்ச் சூரியனைப் பார்த்து ஓடவில்லை. பூமி ஒரு சுற்றுச் சுற்ற 24 மணி நேரம், ஒரு சுற்றுக்கு 360 பாகை, ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிடம். நாம் இப்போது வைத்திருக்கும் நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முந்தியது, அது 120 பாகை கிழக்கில் இருக்கிறவர்களுக்குப் பொருந்தும் நேரம். அந்தக் கோடு போர்னியோவையும் தாண்டி சுலாவெசித் தீவு வழியாகப் போகிறது. நாமோ ஏறக்குறைய 101.4 பாகையில் இருக்கிறோம். மிச்சம் 18.6 பாகையை நாலால் பெருக்கிப் பாருங்கள், 74 நிமிடம் வரும். அதனால்தான் இங்கே உச்சி வெயில் ஒன்றேகால் மணிவாக்கில். இதிலும் வருடம் முழுக்கக் கொஞ்சம் முன்பின் உண்டு, ஏனென்றால் பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்குள்ளேயே உச்சிக்கு வந்துவிடும், பிப்ரவரியில் ஒன்றரையை நெருங்கிவிடும்.

உங்கள் தாத்தா பாட்டியிடம் ‘பழைய நேரம்’ பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1981 டிசம்பர் 31 வரை தீபகற்பத்தின் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முந்தியது, போர்னியோவில் இருக்கும் சபாவும் சரவாக்கும் எட்டு மணி. நாடு முழுக்க ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று அன்று இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை 12க்குத் தள்ளி வைத்தார்கள், 1982 அரை மணி முந்திப் பிறந்தது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதுவரை தமிழ்நாட்டுக்கும் நமக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம், அதற்கப்புறம் இரண்டரை. பெரட்டுக்கு, அதாவது விடியுமுன் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு, போகிறவர்களுக்கு அது வெறும் கணக்கு இல்லை. அதே ஐந்தரை மணி மறுநாளிலிருந்து அரை மணி கூடுதல் இருட்டு. ஜப்பான்காரர்கள் இருந்த 1942 முதல் 1945 வரை இன்னும் மோசம், தோக்கியோ நேரத்தையே இங்கேயும் வைத்தார்கள், சூரியன் உச்சிக்கு வர இரண்டேகால் மணி ஆகியிருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். மார்ச் 29 வாக்கில் ஒருநாள், செப்டம்பர் 13 வாக்கில் ஒருநாள், நம் வட்டாரத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். திடலில் ஒரு குச்சியை நேராக நட்டு வையுங்கள். மார்ச்சில் ஒன்று இருபது மணிக்கு, செப்டம்பரில் ஒன்று பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். நிழல் குச்சியின் காலடிக்குள் போய்விடும். மழைமேகம் மட்டும் வழிவிட வேண்டும்.

அம்மா முப்பது வருடம் பால் மரம் வெட்டினார். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் ஏன் போக வேண்டும்? வெயில் வந்தபிறகு வெட்டினால் என்ன? (ஒரு வாசகி, சுங்கை சிப்புட்)

வெட்டலாம், பால் குறையும். ரப்பர் பால் மரத்தின் உள்பட்டையில் மெல்லிய குழாய்களில் நிற்கிறது. இரவில் இலைகள் நீரை அதிகம் வெளியே விடுவதில்லை, வேர் உறிஞ்சிய தண்ணீரெல்லாம் மரத்துக்குள்ளேயே தேங்கி அந்தக் குழாய்கள் விம்மிப்போய் இருக்கும். அந்த நேரம் பார்த்து உளி பட்டால், ஊதிய பலூனில் ஓட்டை போட்ட மாதிரி பால் தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வரும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும், அழுத்தம் இறங்கும், ஓட்டம் தளரும். அப்புறம் பால் வெட்டுவாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும், மறுநாள் உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் அதுதான்.

உங்கள் அம்மாவிடம் இன்னொன்றும் கேளுங்கள்: மரத்தில் வெட்டும் கோடு எந்தப் பக்கம் இறங்கும்? இடது மேலிருந்து வலது கீழே என்று யோசிக்காமல் சொல்வார். அந்தப் பால் குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை, மேலே போகப் போக வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து போகின்றன. இடமிருந்து வலமாக இறக்கி வெட்டினால் கூடுதல் குழாய்கள் அறுபடும், திருப்பி வெட்டினால் அதே உழைப்புக்குப் பால் குறைவு. ஆழமும் அப்படித்தான். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால் பட்டையை வளர்க்கும் மெல்லிய படலம் காயப்பட்டு அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் போய்விடும், அதற்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே உளி நிற்க வேண்டும். அரைகுறை வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொன்றாக அந்த ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே உணர்ந்து வெட்டினார்கள். இதைப் படிக்காதவர்கள் செய்த வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

ரப்பர் விதையைப் பிரேசிலிலிருந்து திருடிக்கொண்டு வந்தார்கள் என்று போன மாதம் எழுதினீர்கள். அப்போது தடைச் சட்டம் இருந்ததா? (வாசகர், கோலகங்சார்)

இல்லை. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் விதைகளைக் கப்பலேற்றியபோது அதைத் தடுக்கும் சட்டம் பிரேசிலில் இருக்கவில்லை. பரவலாகச் சொல்லப்படும் கதையை நான் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். ஆனால் அந்த விதையால் யாருக்குப் பணம் போனது, யார் முதுகு ஒடிந்தது என்ற கேள்வி சட்டத்தோடு முடிந்துவிடுவதில்லை.

சுமார் 70,000 விதைகள் இலண்டன் கியூ தோட்டத்துக்குப் போயின. ரப்பர் விதை சீக்கிரம் செத்துப்போகும், நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போக, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதைப் பேராவின் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ உங்கள் ஊரில்தான் நட்டார், அதில் ஒரு மரம் இன்னும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, நீங்கள் தினமும் கடந்து போகிறவராகக்கூட இருக்கலாம். ஆரம்பத்தில் யாரும் அதை மதிக்கவில்லை. தோட்டக்காரர்கள் காப்பிதான் போட்டார்கள். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ரிட்லி பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி, ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் பட்டையை மெல்லிசாகச் சீவி அதே கோட்டைத் திரும்பத் திரும்ப வெட்டும் முறையை உருவாக்கியதும் அவர்தான். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வியாபாரத்துக்கென்று நட்டார். கொஞ்ச வருடத்தில் மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது. நம்மவர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது அந்தப் பசிக்குத்தான்.

மத்தியானம் ரப்பர் காட்டில் ‘டப் டப்’ என்று கேட்கிறதே? (மாணவி, கூலிம்)

காய் வெடிக்கிறது. மூன்று அறையுள்ள காய் வெயிலில் காயும்போது ஓடு முறுக்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் தாங்காமல் பிளந்து, விதையைப் பல மீட்டர் தூரம் வீசிவிடும். தாய்மரத்து நிழலுக்கு வெளியே போய் முளைக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த விதையைச் சிமெண்டில் தேய்த்துப் பக்கத்திலிருப்பவன் கையில் சூடு வைக்காத தோட்டத்துப் பிள்ளை உண்டா!

செம்பனைக்கு மகரந்தம் தூவும் வேலைக்குப் போனதாகப் பாட்டி சொல்கிறார். மரத்துக்கு மனிதர்கள் எதற்கு? (வாசகர், குளுவாங்)

பாட்டி சொல்வது முழு உண்மை, இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848இல் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு நான்கே நான்கு கன்றுகள் வந்தன. இங்கே முதல் வியாபாரத் தோட்டம் 1917இல், எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! இன்றைக்கும் வரைபடத்தில் அதே தமிழ்ப் பெயர்தான் இருக்கிறது.

மரம் வந்தது, அதற்கு மகரந்தம் சுமக்கும் வண்டு கூட வரவில்லை. ஒரே மரத்தில் ஆண் பூங்குலையும் வரும், பெண் பூங்குலையும் வரும், ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் வருவது அரிது, ஆகவே வேறொரு மரத்து மகரந்தம் வந்தாக வேண்டும். காற்றை நம்பினால் குலையில் பாதி பிஞ்சு வெம்பிப்போகும். அதனால் மகரந்தத்தை முகப்பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதினார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். முள்ளுக்குள் கையை விட வேண்டும், பூ விரிந்திருக்கும் நாள் தவறக்கூடாது.

கேமரூனில் வேலை செய்திருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி அங்கே பூவில் மொய்க்கும் வண்டுகளைப் பார்த்திருந்தார். அவர் வற்புறுத்த, பூச்சியியல் வல்லுநர் ரஹ்மான் சையத் ஆப்பிரிக்கா போய், மூக்கு நீண்ட ஒரு சின்ன வண்டைத் தேர்ந்தெடுத்தார். மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்த பிறகு, 1981இல் உங்கள் ஜொகூர் மாநிலத்தில்தான் முதலில் பறக்கவிட்டார்கள். ஆண் பூவில்தான் அது தின்னும், முட்டையிடும். பெண் பூவும் அதே வாசத்தை விடுவதால் ஏமாந்து அங்கேயும் போய் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டு வரும். காலையில் ஆண் பூவுக்குப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள், சோம்பு வாசம் அடிக்கும். நான் போன வாரம் பார்த்தபோது ஒரு குலையில் ஆயிரக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருந்தன. குலையில் பழம் நெருக்கமாகப் பிடிக்க ஆரம்பித்தது, ஊதும் வேலை நின்றுபோனது. உங்கள் பாட்டி செய்த வேலையைப் பற்றி அவர் பேச்சிலேயே பதிவு செய்து வையுங்கள், அதைச் செய்த கைகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன.

தோட்டத்தில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைக்கிறார்கள். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். (வாசகி, தெலுக் இந்தான்)

அது வெள்ளை முகக் கூகை, எலி பிடிக்கத்தான் அந்தப் பெட்டி. எலி செம்பனைப் பழத்தைக் கடித்துப் போட்டுவிடும், மருந்து வைத்தால் மற்ற உயிர்களும் சாகும். கூகையின் தட்டு மாதிரியான முகம் சத்தத்தைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது. இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை, அதனால் சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்பதும் தெரியும். கும்மிருட்டில் சத்தத்தை வைத்தே எலியைத் தூக்கிவிடும். இறகின் ஓரம் மெல்லிய இழைகளாகப் பிரிந்திருப்பதால் பறக்கும் சத்தமும் எழாது. மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: காதலன் வரும் நேரம், தயவுசெய்து அலறாதே, சுட்ட எலியோடு நெய்ச்சோறு தருகிறோம் என்று கூகையிடம் கெஞ்சும் சங்கப் பாட்டு ஒன்று இருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அதற்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், சுங்கை பட்டாணி)

மின்னல் தெரிந்ததும் எண்ணுங்கள், இடி கேட்கும்வரை. மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் கேட்டுவிட்டால் வெளிக்காட்டில் நிற்காதீர்கள், மரத்தடியில் ஒதுங்கவே கூடாது.

ஆற்றோரம் மின்மினிகள் எல்லாம் ஒன்றாகவே மின்னுவது எப்படி? (மாணவன், பந்திங்)

மின்மினி பார்க்கப் படகு விடும் கம்போங் குவாந்தானுக்குப் போயிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அங்கே பெரெம்பாங் என்ற ஆற்றோர மரங்களில் உட்கார்ந்து மின்னுவது பெரும்பாலும் ஆண் பூச்சிகள், பெண்ணை அழைக்கத்தான். வினாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை. தலைமைப் பூச்சி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்திலிருப்பதன் மின்னலைப் பார்த்துத் தன் தாளத்தைக் கொஞ்சம் முன்பின் தள்ளிக்கொள்ளும், அப்படியே மரம் முழுக்க ஒரே தாளத்துக்கு வந்துவிடும், நம் பஜனையில் கைத்தட்டல் சேர்ந்துகொள்வது போல. வயிற்றுக்குள் இரண்டு வேதிப்பொருளும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாகும் அந்த வெளிச்சத்தில் சூடு கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஆனால் மரம் மட்டும் இருந்தால் போதாது. அதன் புழு வளர்வது ஆற்றங்கரை ஈரத் தரையில், சின்ன நத்தைகளைத் தின்று. கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று நீப்பாப் பனையையும் புதரையும் வழித்துவிட்டுத் தண்ணீர் விளிம்புவரை செம்பனை நட்ட இடங்களில் நத்தையும் இல்லை, புழுவும் இல்லை. எங்கள் ஊரைத் தாண்டி ஓடும் சிலாங்கூர் ஆறுதான் அங்கே போய்ச் சேர்கிறது. அடுத்த தடவை படகில் ஏறும்போது கைப்பேசி விளக்கை அணைத்துவிடு, அந்த வெளிச்சத்தில் அவை ஒன்றையொன்று பார்க்க முடியாமல் தாளம் தப்பிப்போகும்.