வீடு புகுந்து திருட்டு: வக்கீல் பதில்கள்

ஆனையூர் வாசகி: அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே குடும்பத்தோடு கிளம்பிவிட்டோம். திரும்பி வந்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது, பீரோவில் இருந்த 6 பவுன் இல்லை. என்ன தண்டனை கிடைக்கும் சார்?

எத்தனை பவுன் என்பதைவிட, எப்படி நுழைந்தான், எப்போது நுழைந்தான் என்பதில்தான் கேஸே இருக்கிறதும்மா. 1.7.2024 முதல் நடந்த குற்றங்களுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். வீட்டுக்குள் திருடினால் பிரிவு 305, 7 ஆண்டு வரை. திருடுவதற்காகப் பூட்டை உடைத்து நுழைந்தது தனிக் குற்றம், பிரிவு 331. பகலில் என்றால் 10 ஆண்டு வரை. பொழுது சாய்ந்து விடிவதற்குள் என்றால் 14 ஆண்டு வரை. அபராதமும் உண்டு. இவை உச்சவரம்புதான், எல்லாருக்கும் அப்படியே விழாது.

தோடு, மூக்குத்தி என்று ஒன்றுவிடாமல் புகாரில் எழுதுவார்கள், நேரத்தை விட்டுவிடுவார்கள். எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள், எப்போது திரும்பினீர்கள், பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டதா, எல்லாம் எழுதுங்கள். கைரேகை எடுக்கும்வரை பூட்டையும் பீரோவையும் தொடாதீர்கள்.

திருமங்கலம் வாசகர்: பூட்டை உடைக்கவில்லை. பூந்தொட்டிக்கு அடியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்திருக்கிறான்.

அதுவும் 331தான். பூட்டைத் திறந்தாலும், சுவர் ஏறினாலும், ஓட்டைப் பிரித்தாலும் கன்னக்களவே. திறந்து கிடந்த வாசல் வழியே சும்மா நடந்து வந்து திருடினால்தான் 332, 7 ஆண்டு வரை. தொட்டிக்கு அடியில் சாவி இருப்பது தெருவுக்கே தெரியும், அதை முதலில் மாற்றுங்கள்.

மேலூர் வாசகர்: வெளியே கட்டியிருந்த ஆட்டை ஓட்டிப் போய்விட்டார்கள்.

அது சாதாரணத் திருட்டு, பிரிவு 303, 3 ஆண்டு வரை. பூட்டிய கொட்டகைக்குள் இருந்தால் கதை வேறு. பொருள் வைத்துக் காக்கும் கட்டடத்துக்கும் 305, 331 பொருந்தும்.

செல்லூர் வாசகி: நகை கிடைத்துவிட்டது, ஆனால் கோர்ட்டில் இருக்கிறது. கேஸ் முடியும்வரை காத்திருக்கணுமா?

வேண்டாம். மாஜிஸ்திரேட்டிடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 497இன் கீழ் மனுப் போடுங்கள். பட்டியல் எடுத்து, போட்டோ பிடித்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். கடை ரசீதும் நகை போட்டிருக்கும் பழைய கல்யாணப் போட்டோவும் கைகொடுக்கும்.

உசிலம்பட்டி வாசகர்: ராத்திரி உள்ளே வந்தவனை அடிக்கலாமா அண்ணே?

தடுக்கத் தேவையான அளவுக்கு அடிக்கலாம், அது தற்காப்பு. பிடித்துக் கட்டிப்போட்ட பிறகு அடித்தால் உங்கள் மேல் கேஸ் வரும் தம்பி.