பக்கவாதம் வந்து தேறிய அப்பா மறுபடி கார் ஓட்டலாமா?

கை கால் சரியாகிவிட்டது, லைசென்ஸும் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன தடை என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக அப்பா தினமும் சாவி கேட்டு நச்சரிப்பார், அம்மா உங்கள் முகத்தைப் பார்ப்பார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோக் வந்தவர் யாருமே ஓட்டக்கூடாது என்றும் சொல்லவில்லை. இடது காலில் மட்டும் பலவீனம் என்றால் ஆட்டோமேட்டிக் வண்டியில் நன்றாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் யாரும் சண்டைக்கு வந்துவிடாதீர்கள்.

என் அப்பாவுக்கு மூளையின் வலது பக்கம் அடைப்பு. நடை சீக்கிரமே தேறிவிட்டது. அந்த நேரம் பார்த்து லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியதாயிற்று, 55 வயதுக்கு மேல் 5 வருஷத்துக்குத்தானே கொடுக்கிறார்கள். 40 தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்று கட்டாயம். புரோக்கர் காட்டிய கிளினிக்கில் டாக்டர் நிமிர்ந்து பார்த்து "கண்ணாடி போடுவீங்களா சார்?" என்றார், சீல் குத்தினார், காசு வாங்கினார். ஸ்ட்ரோக் என்று நான் வாயெடுத்ததற்கு "அதான் நல்லா நடக்கிறாரே" என்று பதில்.

அந்தப் படிவம் கேட்பதே 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பு பச்சை பிரித்துச் சொல்வாரா, காது கேட்குமா, மாலைக்கண் உண்டா, ஓட்டுவதற்கு இடைஞ்சலான ஊனம் உண்டா என்கிற மாதிரிக் கேள்விகள்தான். அப்பா எல்லாவற்றிலும் பாஸ். ஆனால் வீட்டில், தட்டின் வலது பக்கத்து இட்லியை முடித்துவிட்டு, இடது பக்கம் இரண்டு அப்படியே கிடக்கும்போது "இன்னும் ரெண்டு வை" என்பார். நிலைப்படியில் இடது தோள் இடிக்கும். அடைப்பு வந்தது வலது மூளையில் என்பதால், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்கவில்லை, அது அவருக்கே தெரியாது, அதுதான் விபரீதம். நம் சாலையில் வண்டிக்கு இடது பக்கம் யார் போவார்கள் என்று யோசியுங்கள்: சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்காரர், ஓரமாக நடக்கிற பாட்டி.

பிசியோதெரபி கொடுத்த பெண்தான் இதைக் கண்டுபிடித்தார். கடிகாரம் வரையச் சொன்னார். அப்பா 12 எண்களையும் வட்டத்தின் வலது பாதிக்குள்ளேயே அடைத்துவிட்டுப் பெருமையாக நீட்டினார். அப்புறம் கண் ஆஸ்பத்திரியில் பக்கவாட்டுப் பார்வையைப் பார்க்கிற ஃபீல்டு டெஸ்ட், நரம்பியல் டாக்டரிடம் ஆலோசனை. இப்போதைக்கு ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்று அவர் சொன்ன அன்றே சாவியை என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அதற்கு நான் வாங்கிய பேச்சு! "வால்பாறையில 40 கொண்டை ஊசி வளைவிலயும் அம்பாசிடர் ஓட்டின மனுஷன், பெத்த பொண்ணே சாவியைப் பிடுங்கிட்டா" என்று சித்தப்பா. "டாக்டரே சர்டிபிகேட் குடுத்துட்டாரு, உனக்கென்ன வந்துச்சு?" என்று துபாயிலிருந்து அண்ணன்.

ஸ்ட்ரோக் வந்தால் இத்தனை நாள் ஓட்டக்கூடாது என்று நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. நோய் காரணமாக ஓட்டத் தகுதியில்லை என்று நம்ப முகாந்திரம் இருந்தால் ஆர்டிஓ புதுச் சான்று கேட்கலாம், லைசென்ஸை ரத்தும் செய்யலாம் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. யாராவது போய்ச் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? பிரிட்டனில் கார் ஓட்டுகிறவர் குறைந்தது ஒரு மாதம் ஓட்டக்கூடாது, அதற்கு மேலும் குறை இருந்தால் லைசென்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். இங்கே அந்த வேலை மகள் தலையில் விழுகிறது.

"கார் இல்லாட்டி பஸ்ல போகட்டுமே" என்று ஒரு அறிவுரை வேறு. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் முதல் படி எங்கே இருக்கிறது தெரியுமா? நானே கம்பியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறுகிறேன். அப்பா இரண்டாவது காலை எடுத்து வைப்பதற்குள் விசில் அடித்துவிடுவார்கள். அந்த பஸ்ஸுக்கும் எஃப்சி, அதாவது ஓடத் தகுதி உண்டு என்ற சான்று கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்! ஆட்டோ கட்டணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

சரி, உங்கள் விஷயம். லைசென்ஸுக்குக் கையெழுத்துப் போடுகிற டாக்டரை விட்டுவிட்டு, ஸ்ட்ரோக்குக்கு வைத்தியம் பார்த்தவரிடமே கேளுங்கள். பக்கவாட்டுப் பார்வை முழுசாக இருக்கிறதா, ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறாரா, வலிப்பு வந்ததா, மாத்திரையில் தூக்கம் வருமா, எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் சரி என்றால், பக்கத்து சீட்டிலும் பிரேக் இருக்கிற டிரைவிங் ஸ்கூல் காரில் அப்பா முதலில் ஓட்டட்டும். பக்கத்தில் பயிற்சியாளர் உட்காரட்டும், நீங்கள் உட்காராதீர்கள், சண்டைதான் வரும்.