திரைக்குப் பின்னால் இருந்து ஒரு குரல்

அன்புள்ள ஐயா,

நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கூத்து, நாடகம் என்றால் உயிர். வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் ஒரு கூத்துகூட விடிய விடியப் பார்க்கவில்லை. நீங்கள் முப்பது வருடம் பாடம் நடத்திக்கொண்டே கூத்து, ஓபரா என்று எப்படி அலைந்தீர்கள்? ஒன்றை விட்டுவிடத் தோன்றவில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

தோன்றியதே இல்லை. எனக்கு அவை இரண்டாக இருக்கவில்லை. கூத்து சொல்லிக்கொடுப்பவரையும் நம் ஊரில் வாத்தியார் என்றுதானே சொல்கிறோம்? 1922-இல் புதுச்சேரியில் காலமான சங்கரதாஸ் சுவாமிகள், நாடகக் கம்பெனிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்த வாத்தியார். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதிக்குப் போகும்போதெல்லாம், என் தொழிலின் மூத்தவரைப் பார்க்கப்போவதாகத்தான் நினைத்துக்கொள்வேன்.

கூத்தில் ராஜா வேஷம் வரும் விதம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முகம் தெரியாது. திரைக்கு அடியில் சலங்கை கட்டிய கால் மட்டும் அடவு போடும். உள்ளிருந்து பாட்டு வரும். தூங்கி விழுந்த பிள்ளைகள்கூட எழுந்து உட்காருவார்கள்.

பாட்டாலேயே கதை சொல்லும் மேலைநாட்டு நாடகமான ஓபராவிலும் எனக்குப் பிடிபட்டது இதுதான். 1980களில், புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்த ஒரு பெரியவர் வீட்டில் ஒலிநாடாவில் 'லக்மே' என்ற ஓபரா கேட்டேன். லியோ தெலிப் இசையமைத்து 1883-இல் பாரிஸில் அரங்கேறியது. கதை நடப்பது நம் நாட்டில். யாரென்று தெரியாத ஆங்கிலேய அதிகாரியை வெளியே வரவழைக்க, நீலகண்டர் என்ற பூசாரி தன் மகள் லக்மேயைச் சந்தையில் பாடவைக்கிறார். அவள் எடுத்த எடுப்பில் சொல்லே இல்லை, வெறும் குரல்தான் ஏறி இறங்குகிறது. ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைவரை போகவேண்டிய குரல். எனக்கு அன்று பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் கர்ணன் பாடம். பெயரைச் சொல்லாமல், வராந்தாவில் நின்றுகொண்டு அவன் குந்தியிடம் பேசுவதை மட்டும் உரக்க வாசித்தேன். உள்ளே கப்சிப். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "யாரு சார் அது? பாவம் சார்" என்றான். அதற்குப் பிறகுதான் உள்ளே போய்க் கரும்பலகையில் பெயரை எழுதினேன். அந்தக் கேள்வியை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் வாங்கித் தந்திருக்காது.

நேரம் இல்லை என்பது உண்மைதான். விடைத்தாள் கட்டு வீட்டுக்கும் கூடவே வரும். விடிய விடியப் பார்க்க முடியாவிட்டால் என்ன, இரண்டு மணிவரை பாருங்கள். பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து வைக்கும்போது சனிக்கிழமை இரவாகப் பார்த்து ஒரு பாயை எடுத்துக்கொண்டு போங்கள். நாற்காலி போட்டுத் தருவார்கள், வேண்டாம். முன்னால் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். திரைக்கு அடியில் கால் தெரிவது அங்கிருந்துதான்.